போதும் என்றால் நம்பாதவர்

ஒரு மனிதனுக்குப் போதுமா போதாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அவனா, அவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறவனா? யோசிக்காமல் பதில் சொன்னால் ‘அவன்தான்’ என்பீர்கள். வயிறு அவனுடையது, உள்ளே இடம் இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத்தானே தெரியும்? ஆனால் இந்தப் பதிலை ஏற்காத ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. உங்கள் வயிற்றைப் பற்றி உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். நீங்கள் ‘போதும்’ என்று சொன்னால் அதை அவர்கள் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வதில்லை, கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் முறை சொன்னால் பணிவு. மூன்றாம் முறை சொன்னால், தங்கள்மேல் உங்களுக்கு ஏதோ மனத்தாங்கல். நான்காம் முறை நீங்கள் சொல்வதில்லை. தட்டை நீட்டிவிடுகிறீர்கள்.

இவர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. கூட்டமாகச் சாப்பிடும் மேசையில் மற்றவர்கள் தங்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடும்போது இவர் மட்டும் அடுத்தவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். உங்கள் தட்டில் வெறும் இடம் தெரிந்த மறுகணம் அது மூடப்பட்டுவிடும். பேச்சு நடுவே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டு வந்தீர்களென்றால் ஒன்றாக இருந்தது இரண்டாகியிருக்கும். ‘என்ன கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டிருக்கே’ என்பார், ‘இது மெல்லிசு, கணக்குலயே வராது’ என்பார், ‘சாப்பிடுற வயசுல சாப்பிடாம எப்பச் சாப்பிடப் போறே’ என்பார், தலை நரைத்தவரிடமும் அதையேதான் சொல்வார். எல்லாரும் ஒருவழியாகப் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்த பிறகு, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தக் கணத்தில்தான் தோன்றிய யோசனை போல, ‘இன்னொண்ணு சொல்லிடலாமா?’ என்பார். அது கேள்வி இல்லை. கை ஏற்கெனவே உயர்ந்திருக்கும்.

கஞ்சனைத் திட்டலாம். அதற்கு நம்மிடம் சொற்கள் நிறைய இருக்கின்றன. தாராளமானவரை என்ன செய்வது? அவரிடமிருந்து தப்பித்து ஓடுகிறவன்தான் நன்றி கெட்டவனாகத் தெரிவான்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருந்தார். தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் உயரமான கட்டடங்களில் பாதி அவர் பொறுப்பில் ஓடின. லிஃப்டில் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தால் எட்டுப் பேர்தான். ஒன்பதாவது ஆள் கம்பெனி முதலாளியாக இருந்தாலும் கையைக் காட்டி வெளியே இறக்கிவிடுவார். ‘கம்பிக்கு ஒரு அளவு இருக்கு சார்’ என்பார். பாரம் கூடினால் மணி அடிக்க வேண்டும், அடிக்கிறதா என்று மாதம் தவறாமல் சோதிப்பதும் அவர்தான். இப்படி வாரம் முழுக்க அளவுக்காகவே வாழ்ந்த மனிதர், சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து கையில் இருந்த கிரீஸைத் துடைத்தெறிந்துவிட்டு, கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பீட்சா கடைக்கு வந்து உட்காருவார். கம்பிக்குத்தான் அளவு. நண்பர்களுக்குக் கிடையாது.

நண்பர்கள் என்றால், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், பல் செட் செய்து டாக்டர்களுக்குக் கொடுக்கும் ஒருவர், கூரியர் ஆபீசில் மேனேஜராக இருந்த ஒருவர். இளவயதில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவர்கள். இந்தக் கதை பெரும்பாலும் கண்ணாடிக் கடைக்காரருக்கு நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி உலகத்துக்கு எதுவும் நடக்கவில்லை. அவருக்கு நடந்தது.

இங்கே நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து அளவு மீறிச் சாப்பிடுவதில் ஒரு பெரிய சந்தோஷம் இருக்கிறது. வாழ்க்கையைப் பற்றி ஆழ்ந்து யோசிப்பவர்கள் இதை எழுதத் தயங்குவார்கள், அவர்கள் பெரும்பாலும் தனியாகச் சாப்பிட்டதால். அடுப்பிலிருந்து வந்த வட்டத் தட்டு மேசையில் உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று நின்றுபோகும். முதல் துண்டைத் தூக்கும்போது சீஸ் நூலாக நீண்டு, அறுபடாமல், அடுத்தவர் சட்டைவரை போய் ஒட்டும். மேல் அண்ணம் சுடும், சுடும் என்று தெரிந்தும் ஒருவரும் காத்திருந்ததில்லை. இரண்டாவது துண்டில் அலுவலகம் மறந்துபோகும். நான்காவதில் கூரியர்காரர் பெல்ட்டை ஒரு துளை தள்ளி மாட்டுவார். அதற்குப் பிறகு யாரும் வாக்கியங்களை முடிப்பதில்லை, முடிக்காமலேயே மற்றவர்களுக்குப் புரிந்தது. வயிறு அந்த அளவுக்கு நிறைந்தவனால் யார்மேலும் பொறாமைப்பட முடியாது, அதற்கு வேண்டிய சுறுசுறுப்பு அவனிடம் இருக்காது. அந்த மேசையில் நால்வரும் மேனேஜராகவோ முதலாளியாகவோ அப்பாவாகவோ இல்லாமல், வெறுமனே நால்வராக இருந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரருக்கு வாரத்தில் அது ஒன்றுதான் அப்படிப்பட்ட இடம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நால்வரும் துண்டின் மேல்பாகத்தைத் தின்றுவிட்டு, கடைசியில் வரும் கெட்டியான ஓரத்தைத் தட்டிலேயே போட்டுவிடுவார்கள். சாப்பாடு ஓயும் நேரத்தில் லிஃப்ட்காரர் எல்லாத் தட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். ஓரங்கள் குவிந்து கிடந்தால், நன்றாகச் சாப்பிட்டவர். தலையசைப்பு கிடைக்கும். யார் தட்டில் ஓரம் குறைவோ அவருக்கு விசாரணை. ‘உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதாவது பிரச்சனையா?’ பதில் என்னவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். ‘இவனுக்காக இன்னொண்ணு சொல்லுவோம்.’ வந்த புதுத் தட்டில் பாதிக்கு மேல் அந்த அப்பாவிக்கு. மீதியைப் பார்சல் கட்டலாமா என்று கேட்டவர்களும் உண்டு, ஒருமுறை. பார்சல் கட்டுவதைத் தோற்றுப்போனவர்களின் வேலையாகத்தான் லிஃப்ட்காரர் பார்த்தார்.

முன்பு அந்த மேசையில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். மாணவர்களிடம் நாள் முழுக்க கிளட்ச், கிளட்ச் என்று கத்தியே அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் கிளட்ச், தனக்கு இனிமேல் மாவும் சீஸும் வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள், நான் சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு சோடாவோடு உட்கார்ந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. ஆனால் வாயில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு துண்டையும் சோடா குடிக்கும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் மெல்லுவது எப்படி? பேச்சு தயங்கியது. லிஃப்ட்காரர் மட்டும் விடாமல் அவர் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார், அது அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் கிளட்சுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு வந்துவிட்டது. அவர் நாற்காலியில் இப்போது பைகளையும் ஹெல்மெட்டையும் வைத்தார்கள். பை வைக்க வசதியாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் கண்ணாடிக் கடைக்காரருக்கு விலாவுக்குக் கீழே வலி வந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல் என்றார். கொழுப்பை நிறுத்தாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், முக்கியமாக சீஸைத் தொடவே கூடாது என்றார். கண்ணாடிக் கடைக்காரர் கல்லைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் கண் முன்னால் வந்தது ஹெல்மெட் வைத்த நாற்காலி.

வீட்டில் அவர் மனைவிக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை.

“நேரா சொல்லிட வேண்டியதுதானே? டாக்டர் வேணாம்னுட்டார்னு.”

“சொன்னா நம்பமாட்டான்.”

“அவர் என்ன சின்னக் குழந்தையா? ஏன் நம்பமாட்டார்?”

காரணம் இருந்தது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அறையில் ஒன்றாக இருந்த காலத்தில், கையில் காசு குறைந்த நாட்களில், ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒரு பீட்சா வாங்குவார்கள். அந்த நாட்களில் இவர் மட்டும், வேலை செய்யும் இடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன், எனக்கு வயிறு நிறைந்திருக்கிறது, போதும் என்பார். எல்லாரும் நம்பினார்கள். லிஃப்ட்காரர்தான் எல்லாரையும்விட அதிகமாக நம்பினார், இவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஒருநாள் இவர் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடியது லிஃப்ட்காரர்தான். பட்டினி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் முகம் போன போக்கைக் கண்ணாடிக் கடைக்காரர் படுக்கையிலிருந்தே பார்த்தார். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து யார் போதும் என்றாலும் லிஃப்ட்காரர் நம்புவதில்லை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “பசியோட இருந்தப்ப நிறைஞ்சிருச்சுன்னீங்க. இப்ப நிறைஞ்சிருக்கறப்ப பசிக்குதுன்னு சொல்லப் போறீங்க. உங்க வயித்துக்கே குழம்பிப் போயிருக்கும்” என்றார்.

சனிக்கிழமை வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தன் தோள் பையில் இரண்டு கண்ணாடி டப்பாக்களைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பழுப்பு நிறத்தில், கெட்டியான மூடியோடு, வாடிக்கையாளர்களுக்குக் கண்ணாடியோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கமான டப்பாக்கள். ஒரு பீட்சா துண்டின் ஓரத்தைக் கிள்ளித் தட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தை நீளவாக்கில் மடித்தால் அது அந்த டப்பாவுக்குள் அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்துவிடும். இதை அவர் கடையில் காகிதத்தை மடித்து வைத்துப் பார்த்து உறுதி செய்திருந்தார். தொழில்காரர் அல்லவா?

வேலை சுலபமாக இருந்தது. அவர் ஒரு கண்ணாடியைத் துடைப்பவர் போல மடியில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் கண்ணாடி துடைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? கூரியர்காரர் போனில் யாருடைய பார்சலோ காணாமல் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். அவர் உண்மையான சாப்பாட்டுக்காரர், அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடைக்காரரின் தட்டில் ஓரங்கள் மளமளவென்று சேர்ந்தன. லிஃப்ட்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். “பரவாயில்லையே, இன்னைக்கு நல்லாவே சாப்பிடுறே.”

பிரச்சனை தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

சாப்பிடாதவனைப் பார்த்தால் ‘இவனுக்காக இன்னொண்ணு’ என்கிறவர், நன்றாகச் சாப்பிடுகிறவனைப் பார்த்தால் என்ன செய்வார்? ‘இவன் நல்ல பசியில இருக்கான்’ என்று மகிழ்ந்துபோய் இன்னொன்று சொல்வார். அப்படியே நடந்தது. கண்ணாடிக் கடைக்காரர் எவ்வளவு வேகமாக மறைத்தாரோ அவ்வளவு வேகமாகத் தட்டு நிரம்பியது. அடுத்த வாரம் மூன்று டப்பா. அதற்கடுத்த வாரம் நான்கு. பையின் கனம் கூடிக்கொண்டே போனது. மேசையில் அவர் பெயர் உயர்ந்தது. கூரியர்காரரிடமே, ‘இவனைப் பாத்துக் கத்துக்கடா’ என்றார் லிஃப்ட்காரர். வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வராத கண்ணாடிக் கடைக்காரர், தான் தொடாத ஒன்றில் முதலாவதாக வந்தார்.

ஒரு சனிக்கிழமை அவர் மடியில் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்தில் இருந்த பல் செட்டுக்காரர் ஒரு தகர டப்பாவை மேசைக்கு அடியில் மூடிக்கொண்டிருந்தார். பல் அச்செடுக்கும் மாவு வைக்கிற டப்பா. மூடி இடுக்கில் சீஸ் நூல் ஒன்று தொங்கியது. இருவர் கண்களும் ஒருமுறை சந்தித்தன. பல் செட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் ரோட்டைப் பார்த்தார். அவருக்கு என்ன வியாதி என்று இவர் கேட்கவில்லை. இவருக்கு என்ன என்று அவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள், அதாவது சாப்பிடாமல் இருந்தார்கள்.

இத்தனை பீட்சாவும் எங்கே போனது என்று கேட்பீர்கள். கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு நாய். சனிக்கிழமைகளில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்புபவர், முதலில் பின்கதவைத்தான் திறப்பார். நாய் சில வாரங்களிலேயே உருண்டு திரண்டுபோய், நடப்பதைக் குறைத்துக்கொண்டது. அதுவும் கடைசியில் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது. அது போதும் என்றதை அவர் உடனே நம்பினார்.

அப்படி ஒரு சனிக்கிழமை மதியம், அவர் கடையைத் திறந்து, பையிலிருந்த டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்த நேரத்தில், லிஃப்ட்காரரின் மனைவி உள்ளே வந்தார். படிப்பதற்காகச் செய்யக் கொடுத்திருந்த கண்ணாடி தயாராக இருந்தது. போட்டுப் பார்த்தார். காதில் உறுத்துகிறது என்றார். கண்ணாடிக் கடைக்காரர் காம்பை லேசாகச் சூடுபடுத்தி வளைத்துக் கொடுத்தார். மறுபடி போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். கண்ணாடியைத் துடைத்து டப்பாவில் வைத்து மூடி மேசையில் வைத்தபோது போன் அடித்தது. பேசிக்கொண்டே டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, “வரேண்ணா” என்று போய்விட்டார்.

போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்காரர் பின்கதவைத் திறந்தார். நாய் சலிப்போடு எழுந்து வந்தது. முதல் டப்பாவைத் திறந்தார்.

உள்ளே ஒரு கண்ணாடி இருந்தது.

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், கண்ணாடி டப்பாவைத் திறந்து உள்ளே கண்ணாடி இருப்பதைப் பார்த்து நடுங்கியது அதுவே முதல் முறையாக இருக்கும். ஓடிப்போய் வாசலில் நின்று பார்த்தார். தெருவில் அந்தம்மா இல்லை. போன் செய்யலாமா என்று யோசித்தார். என்னவென்று சொல்வது? ‘டப்பாவைத் திறக்காதீர்கள்’ என்றா? திறக்காதே என்று சொன்ன டப்பாவைத் திறக்காத வீடு எங்காவது இருக்கிறதா? போனைக் கையில் வைத்துக்கொண்டே அன்றைய வியாபாரம் முடிந்தது. மறுநாள் விடுமுறை. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

திங்கட்கிழமை கடை திறந்ததும் லிஃப்ட்காரரின் மனைவி வந்தார். டப்பாவை மேசையில் வைத்தார். கழுவித் துடைத்து, சோப்பு வாசனையோடு இருந்தது.

“டப்பா மாறிப்போச்சு போலண்ணா.”

“ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்.” அவருடைய கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். “அவன் பாத்தானா?”

“அவர்தானே தெறந்தார். என் கண்ணாடி எப்படி இருக்குன்னு பாக்க.”

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தார். ஓரத்தைக் காணோமேன்னார். எனக்கென்னண்ணா தெரியும்? தெரியலன்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் சாப்பிட்டுட்டார்.”

கண்ணாடிக் கடைக்காரர் கழுவி வந்த டப்பாவைப் பார்த்தார்.

“அதையா?”

“ஆறிப் போயிருக்கு, சூடு பண்ணித் தரவான்னு கேட்டேன். வேணாம்னுட்டார். நின்னுகிட்டே சாப்பிட்டார்” என்றார் அந்தம்மா. புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். “நீங்க ரொம்ப எளைச்சுட்டீங்கண்ணா. இத்தனை நாள் தெரியல.”

அந்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடைக்காரர் மனதுக்குள் பேசிப் பார்த்தபடியே இருந்தார். டாக்டர் கொடுத்த படத்தை எடுத்துப்போய்க் காட்டலாம். படத்தைப் பார்த்தால் நம்புவானா? நம்பினால் இன்னும் மோசம். நம்பிய பிறகு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பான். அப்புறம் பேச்சு தயங்கும். அப்புறம் ஹெல்மெட். போகாமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தார். கிளட்சுக்கு வகுப்பு வந்தது போல இவருக்கும் சனிக்கிழமைகளில் ஏதாவது வராதா? அந்த இடம் போய்விட்டால் வாரத்தில் தான் யாராக இருப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் பையை எடுத்து டப்பாக்களை உள்ளே வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். வெறும் கையோடு போனார்.

கூரியர்காரரும் பல் செட்டுக்காரரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரர் பிறகு வந்தார். எப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கிச் சொல்கிறவர், அன்று உட்காராமல் நேராகக் கவுன்ட்டருக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்தாள்.

“வழக்கம்போலத்தானே சார்?”

“இல்லம்மா. ஒண்ணு. பெருசு.” கொஞ்சம் நிறுத்தினார். “வெட்டாம குடுங்க.”

“வெட்டாமயா? எப்படி சார் சாப்பிடுவீங்க?”

“கை இருக்குல்ல.”

வந்தது. கோடே இல்லாத முழு வட்டம். இத்தனை வருடத்தில் நால்வரும் பீட்சாவை அப்படிப் பார்த்ததில்லை. துண்டு போடாதபோது அது ஏதோ யாருக்கும் சொந்தமில்லாத நிலம் மாதிரி இருந்தது. கூரியர்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இதுல எதுடா என் பங்கு?”

“எடு” என்றார் லிஃப்ட்காரர்.

எடுத்தார்கள். கிழித்தார்கள் என்பதுதான் சரி. சூட்டில் விரல்களை உதறிக்கொண்டு, ஒருவர் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, இன்னொருவர் மறுபக்கம் அழுத்திக்கொள்ள, மாவு நினைத்த இடத்தில் கிழிந்தது. ஒருவர் கையில் நாக்கு மாதிரி நீளமாக வந்தது, இன்னொருவர் கையில் வெறும் சீஸ் மட்டும் உரிந்து வந்தது. கூரியர்காரர் சட்டைக் கைவரை தக்காளி. பல் செட்டுக்காரர் விரல்நுனி அளவு பிய்த்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். தட்டுகளில் ஒன்றும் சேரவில்லை. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது, சொல்லிப் பழகியவராலும். கண்ணாடிக் கடைக்காரர் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, சீஸ் படாத ஒரு காய்ந்த பாகத்தை மட்டும் பிய்த்து எடுத்தார். ரொட்டி மாதிரி இருந்தது. மென்றார். நிமிர்ந்து பார்த்தபோது லிஃப்ட்காரர் வெளியே ஒரு வேன் ரிவர்ஸில் வருவதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேனில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வட்டம் தீர்ந்தது. யாருடைய கையும் உயரவில்லை. சாப்பிட ஒன்றும் இல்லாமல் நால்வரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், தரை துடைக்கிறவர் வந்து, கொஞ்சம் காலைத் தூக்குங்க சார் என்று சொல்லும்வரை. காலைத் தூக்கிக்கொண்டும் பேசினார்கள்.

இவ்வளவு நேரம் உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைத்துக்கொண்டு படித்திருப்பீர்கள். சித்தப்பா, அலுவலகத்து மேலாளர், மாமியார். நல்லது. ஆனால் இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவருக்கும் தான் அந்த இனம் என்று தெரிந்ததில்லை. நாலு பேர் வயிறார உண்பதைப் பார்த்து மகிழும் நல்ல மனிதர் என்றுதான் தங்களைப் பற்றி நினைத்திருக்கிறார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆகவே ஒன்று செய்யுங்கள். உங்கள் மேசையில் குறைவாகச் சாப்பிடுகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் உங்களுக்குப் பயப்படாதவர்கள். ஒரு வார்த்தை மறுக்காமல், கேட்கக் கேட்க வாங்கி, பிரமாதம் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுகிறார்களே, அவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.

லிஃப்ட்காரர் அதற்குப் பிறகும் எல்லாச் சனிக்கிழமையும் வெட்டாமல்தான் வாங்கினார். கவுன்ட்டர் பெண் கேட்டாள், கூரியர்காரர் பலமுறை கேட்டார், வீட்டில் மனைவியும் ஒருமுறை கேட்டார். ஏன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் கேட்கவே இல்லை.